தோல்வியைச் செலவழித்த விதம்: ரெஸ்ல் கிங்டம் 11 முடிவுகளும் பின்கதையும்

2017 ஜனவரி 4, டோக்கியோ டோம். நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸ்ல் கிங்டம் அன்று பதினோராவது முறையாக நடந்தது. கடைசி ஆட்டத்தில் கஸுசிகா ஒகாடா 46 நிமிடம் 45 நொடியில் கென்னி ஒமேகாவை வீழ்த்தி, கம்பெனியின் உச்சப் பட்டமான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பெல்ட்டைத் தக்கவைத்துக்கொண்டார். ஜனவரி 4 டோம் நிகழ்ச்சிகளில் அதற்கு முன் அவ்வளவு நேரம் ஓடிய ஆட்டம் கிடையாது. ஜெயித்தவர் ஒகாடா. அடுத்த பல வாரங்களுக்கு ஊர் உலகமெல்லாம் பேசியது ஒமேகாவைப் பற்றி.

முன்கூட்டியே எழுதிவைத்த முடிவுக்கு எதற்கு அலசல் என்று கேட்பவர்கள் உண்டு. டிவியில் ரெஸ்லிங் பார்த்து, டிரம்ப் கார்டு வைத்து விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு வீட்டில் கிடைத்த முதல் வசவே "இதெல்லாம் பொய்டா" என்பதுதான். துரியோதனன் விழுவான் என்று தெரிந்தே விடிய விடியப் பதினெட்டாம் போர் கூத்து பார்க்கிறோம். எப்படி விழுகிறான், விழுமுன் என்ன பாடுகிறான் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜப்பானிய ரெஸ்லிங்கும் அந்த வகைதான். யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று முடிவு செய்பவரை இந்தத் தொழிலில் புக்கர் என்பார்கள். நியூ ஜப்பானில் அப்போது அந்த வேலையைச் செய்தவர் கெடோ. திரையில் ஒகாடாவின் மேனேஜராக ரிங் ஓரத்தில் நிற்கும் அதே தாடிக்காரர். ஆகவே இங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஒவ்வொரு தோல்வியையும் கொடுத்து அவர் எதை வாங்கினார்?

அதற்கு ஓராண்டு பின்னால் போக வேண்டும்.

2016 ஜனவரி 4 அன்று ரெஸ்ல் கிங்டம் 10 முடிந்த சூடு ஆறுவதற்குள் ஒரு செய்தி வெடித்தது. ஷின்சுகே நகமுரா, ஏ.ஜே. ஸ்டைல்ஸ், கார்ல் ஆண்டர்சன், லூக் கேலோஸ் நான்கு பேரும் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குப் போகிறார்கள். நகமுரா கம்பெனியின் முதல் மூன்று முகங்களில் ஒருவர். ஸ்டைல்ஸ், வெளிநாட்டு வில்லன்களின் கூட்டமான புல்லட் கிளப்பின் தலைவர். ஒரே மாதத்தில் இரண்டு தூண்கள் சரிந்தால் வேறு கம்பெனி என்றால் படுத்திருக்கும். கெடோ அந்தக் காலியிடங்களை நிரப்பிய விதத்தில்தான் இந்த நிகழ்ச்சியின் விதை இருக்கிறது.

ஜனவரி 5 அன்றே புல்லட் கிளப் ஸ்டைல்ஸை அடித்துத் துரத்தியது. அடித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் ஒமேகா. கனடாவின் வினிபெக் நகரத்துக்காரர். 2008-இல் டி.டி.டி. என்ற குறும்புக்காரச் சின்ன கம்பெனிக்காக ஜப்பான் வந்து, ஜப்பானிய மொழி கற்று, அங்கேயே காலூன்றியவர். நியூ ஜப்பானில் அதுவரை அவர் ஜூனியர் எடைப் பிரிவு ஆள். ஜூனியர் பிரிவிலிருந்து மேலே வந்தவர்களை ஹெவிவெயிட் உச்சத்தில் வைப்பது அங்கே அபூர்வம். ஆனால் பிப்ரவரியிலேயே நிகாட்டாவில் கம்பெனியின் முதன்மை முகமான தனஹாஷியை வீழ்த்தி, நகமுரா விட்டுப்போன, ஹெவிவெயிட்டுக்கு அடுத்த நிலையான இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஜி1 கிளைமாக்ஸ் தொடரின் இறுதியில் ஹிரோகி கோட்டோவை வென்றார். 1991 முதல் நடக்கும் அந்தத் தொடரை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். ஜி1 வென்றவருக்கு அப்போது ஜனவரி 4-இல் சாம்பியனோடு மோதும் உரிமை இருந்தது. இப்படித்தான் ஒரு முன்னாள் ஜூனியர் ஆட்டக்காரர் டோமின் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதிலிருந்த சூதாட்டம் இன்று பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியாது. 2011 முதல் 2016 வரை ஆறு ஆண்டுகளும் ஜனவரி 4 கடைசி ஆட்டத்தில் ஒரு பக்கம் நின்றவர் ஹிரோஷி தனஹாஷி. 2000-களின் தொடக்கத்தில், நிறுவனர் அன்டோனியோ இனோக்கி தம் ரெஸ்லர்களை நிஜச் சண்டைப் போட்டிகளுக்கு அனுப்பி அடிவாங்க வைத்ததில் கம்பெனியின் மானமும் வியாபாரமும் போயிருந்தன. அதைத் தோளில் தூக்கி நிறுத்தியவர் தனஹாஷி. அவர் இல்லாத கடைசி ஆட்டம், எதிர்ப் பக்கம் ஒரு கனடாக்காரர், அதுவும் ரசிகர்கள் திட்டித் தீர்க்க வேண்டிய வில்லன். டிக்கெட் விற்குமா?

வந்தவர்கள் 26,192 பேர். சுமார் 55,000 பேர் கொள்ளும் என்று சொல்லப்படும் இடத்தில் இது பாதிகூட இல்லை. 1995 அக்டோபரில் இதே டோமில், இதே கம்பெனி யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல் என்ற போட்டிக் கம்பெனியின் ஆட்களோடு மோதிய இரவுக்கு 67,000 என்று அறிவித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "வீழ்ச்சி" என்று எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பழைய எண்கள் அறிவிப்புக்காக ஊதிப் பெருக்கிய எண்கள். தலையை எண்ணிக் கடைசி இலக்கம் வரை சொல்லும் பழக்கம் பிறகு வந்தது. ரெஸ்ல் கிங்டம் 10-க்குச் சொன்னது 25,204. அதைவிட ஆயிரம் பேர்தான் கூடுதல் என்றாலும், நகமுராவும் ஸ்டைல்ஸும் இல்லாமல், தனஹாஷியைக் கடைசி ஆட்டத்திலிருந்து இறக்கியும் கூட்டம் குறையவில்லை என்பதே கம்பெனிக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறு சாம்பியன்கள் கவிழ்ந்த மாலை

முன்னோட்டமாக நடந்த கூட்டுச் சண்டையை மைக்கேல் எல்கின் வென்றார், அதை விட்டுவிடலாம். முதல் ஆட்டம் டைகர் மாஸ்க் டபிள்யூ என்ற முகமூடி வீரருக்கும் டைகர் தி டார்க்குக்கும். டிவி அசாஹி அப்போது ஒளிபரப்பிக்கொண்டிருந்த கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள் இவை. முகமூடிக்குள் கோட்டா இபுஷி என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்தது. விளம்பரம்தான், ஆனால் 1981-இல் முதல் டைகர் மாஸ்க்கை இறக்கிய கம்பெனிக்கு இந்த விளம்பரம் பழக்கமான விஷயம்.

அடுத்துத்தான் கெடோவின் கைவண்ணம். ஜூனியர் பிரிவின் டேக் டீம் (இருவர் ஜோடி) பெல்ட்டை வைத்திருந்த யங் பக்ஸ் சகோதரர்கள் ரொப்பொங்கி வைஸ் ஜோடியிடம் தோற்றார்கள். மூவர் அணிப் பெல்ட், சாம்பியன்களான கோஜிமா, ரிக்கோஷே, ஃபின்லே கையிலிருந்து ஈவில், சனாடா, புஷி கைக்குப் போனது. அமெரிக்கக் கூட்டாளிக் கம்பெனியான ரிங் ஆஃப் ஹானரின் உலகப் பட்டத்தை, வென்று ஒரு மாதமே ஆன கைல் ஓரைலியிடமிருந்து ஆடம் கோல் பறித்தார். மும்முனை டேக் டீம் ஆட்டத்தில் தோரு யானோவும் தொமோஹிரோ இஷியும் சாம்பியன்களைக் கவிழ்த்தார்கள். ஜூனியர் பட்டம் குஷிடாவிடமிருந்து ஹிரோமு தகஹாஷிக்கு. நெவர் என்ற பட்டம் கட்சுயோரி ஷிபாட்டாவிடமிருந்து கோட்டோவுக்கு. நடுவில் கோடி ரோட்ஸ், ஜூஸ் ராபின்சனை வென்ற ஆட்டத்தில் மட்டும் பெல்ட் இல்லை.

கூட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு ஆட்டங்கள் தொடங்குமுன் ஆறு பட்டங்கள் பணயத்துக்கு வந்தன. ஆறும் கைமாறின. ஒரு சாம்பியன்கூடத் தப்பவில்லை.

ஏற்பாடில்லாமல் இப்படி அமையாது. மூன்று மணி நேரமாகச் சாம்பியன்கள் வரிசையாக விழுவதைப் பார்த்த கூட்டத்துக்கு, கடைசியில் ஒகாடாவும் விழலாம் என்ற எண்ணம் தானாக ஊறிவிடும். ஜப்பான் ரசிகர்கள் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள். வெளிநாட்டவருக்கு டோமில் பெல்ட் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களின் மனத்தைக் கலைக்க வேறு வழியில்லை. மாறிய ஆறு பட்டங்களில் சில அவசரமாகவே மாறின. மூவர் அணிப் பெல்ட் அடுத்த நாளே மறுபடி கைமாறியது. அந்தப் பட்டங்களின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துக் கடைசி ஆட்டத்தின் மேல் பூசினார்கள் என்று குறை சொன்னால், மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் பூச்சு பிடித்தது.

அந்த ஆறில் தனியாக நிறுத்திச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஹிரோமு, பயிற்சிக்காக மெக்சிகோ, அமெரிக்கா என்று வெளிநாடுகளில் சுற்றிவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் திரும்பி வந்திருந்தார். வந்ததும் டோமில் பட்டம். குஷிடா போன்ற நிலைத்த பெயரை இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதா என்று கேட்டவர்களுக்கு ஏப்ரலில் பதில் கிடைத்தது: மறு ஆட்டத்தில் குஷிடா இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தோல்வியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்காமல் ஒரேயடியாகக் கொட்டியதில் ஹிரோமு ஓர் இரவில் பெரிய ஆள் ஆனார்.

இன்னொன்று ஷிபாட்டாவும் கோட்டோவும். இருவரும் மியே மாநிலத்துக் குவானா ஊர்க்காரர்கள், ஒரே வயது, ஒரே உயர்நிலைப் பள்ளி, ஒரே மல்யுத்த அணி. ஷிபாட்டாவின் அப்பா நியூ ஜப்பானின் தொடக்க கால ரெஸ்லர், பிறகு நடுவர். இவர்கள் ஆட்டத்தில் அலங்காரம் எதுவும் இருக்காது. எதிரெதிரே நின்று அறைவார்கள், தலையால் முட்டுவார்கள், விழுந்தவன் எழும்வரை காத்திருப்பார்கள். 16 நிமிடம் 17 நொடி. அந்த மாலையின் மற்ற ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இது வேறு தொழில் மாதிரி இருக்கும். பார்க்கும்போது நாமும் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். இந்த முட்டல் மோதல் எங்கே கொண்டு விட்டது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வாக்கெடுப்பின் வஞ்சம்

அன்றைய நிகழ்ச்சியில் சிறந்த ஆட்டம் எது என்றால் பெரும்பாலோர் கடைசி ஆட்டத்தைச் சொல்வார்கள். சிறந்த கதை எது என்று கேட்டால் நான் அதற்கு முந்தையதைச் சொல்வேன்: டெட்சுயா நைட்டோ, ஹிரோஷி தனஹாஷி, இன்டர்கான்டினென்டல் பட்டம்.

2013 ஆகஸ்டில் நைட்டோ ஜி1 வென்றார். விதிப்படி 2014 ஜனவரி 4-இல் ஒகாடாவோடு அவர் மோதுவதுதான் கடைசி ஆட்டமாக இருக்க வேண்டும். ஆனால் அப்போது நைட்டோவை ரசிகர்கள் ஏற்கவில்லை. "அடுத்த நாயகன் இவன்தான்" என்று கம்பெனி திணிக்கிறது என்ற எரிச்சலில் கூச்சலிட்டார்கள். கம்பெனி செய்த காரியம் விசித்திரம்: எந்த ஆட்டம் கடைசியாக நடக்க வேண்டும் என்று ரசிகர்களிடமே வாக்குக் கேட்டது. நகமுராவும் தனஹாஷியும் மோதிய இன்டர்கான்டினென்டல் ஆட்டம் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது. நைட்டோவின் வாழ்நாள் கனவு, கூட்டத்தின் கைகளாலேயே ஒரு படி கீழே தள்ளப்பட்டது.

பிறகு அவர் 2015-இல் மெக்சிகோ போனார். அங்கே லாஸ் இங்கோபெர்னாப்லெஸ் என்ற அடங்காக் கூட்டத்தில் சேர்ந்து, வேறு மனிதராகத் திரும்பினார். வழுக்கும் புன்னகை, எதற்கும் அவசரப்படாத நடை, கோட்டைக் கழற்றவே ஐந்து நிமிடம். "என்னை விரும்பு" என்று கேட்காத நைட்டோவை ரசிகர்கள் விழுந்து விழுந்து விரும்பினார்கள். 2016 ஏப்ரலில் ஒகாடாவிடமிருந்தே ஹெவிவெயிட் பெல்ட்டைப் பறித்து, ஜூனில் திருப்பிக் கொடுத்தார். செப்டம்பரில் இன்டர்கான்டினென்டல் பெல்ட் அவர் கைக்கு வந்தது. தம்மைத் தோற்கடித்த வாக்கெடுப்பின் வெள்ளைப் பெல்ட். அதைத் தரையில் எறிவார், தரதரவென இழுத்துப் போவார். பழைய கதை தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு எறிதலும் ஒரு பதில்.

இப்போது டோமில் எதிரே நிற்பது யார்? அன்று வாக்கெடுப்பில் ஜெயித்த ஆட்டத்தின் ஒரு பாதி. நாற்பது வயதான தனஹாஷி. இளைஞர்களுக்கு மரியாதை சொல்லித்தரும் மூத்தவராக அவர் வந்தார். அரங்கோ நைட்டோ பக்கம் சாய்ந்திருந்தது. தனஹாஷி காலைத் தாக்கினார், நைட்டோவும் காலைத் தாக்கினார். மூன்றாண்டுக் கணக்கு முழங்காலில் தீர்க்கப்பட்டது. 25 நிமிடம் 25 நொடியில் டிஸ்டினோ என்ற தம் முடிப்படியால் (ஆட்டத்தை முடிக்கும் அடி) நைட்டோ தனஹாஷியைக் கிடத்தினார். அன்று பட்டம் தப்பிய முதல் சாம்பியன் அவர்.

அந்தத் தோல்வி வாங்கித் தந்தது தலைமுறை மாற்றம். ஒகாடாவிடம் ஓராண்டு முன்பே தோற்றிருந்த தனஹாஷி, இப்போது அடுத்தவரிடமும் தோற்று, வழியை முழுதாக விட்டுக்கொடுத்தார். அழுது வடியும் விடைபெறுதல் எதுவும் இல்லை. எழுந்து நொண்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். (இரண்டு ஆண்டு கழித்து அவர் இதே டோமில் ஒமேகாவை வீழ்த்தி மறுபடி சாம்பியனாவார் என்று அன்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள்.)

46 நிமிடம் 45 நொடி

ஒகாடா ரெயின்மேக்கர். மழை என்றால் பண மழை. அவர் வரும்போது அவர் முகம் அச்சிட்ட போலி நோட்டுகள் கூரையிலிருந்து கொட்டும். ஐச்சி மாநிலத்துக்காரர். நடுநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு, அல்டிமோ டிராகனிடம் ரெஸ்லிங் பழக மெக்சிகோ போன பையன். 2012 பிப்ரவரியில், இருபத்து நான்கு வயதில், யாரும் எதிர்பாராதபோது தனஹாஷியை வீழ்த்திச் சாம்பியனானவர். அவருடைய முடிப்படியின் பெயரும் ரெயின்மேக்கர்தான். எதிராளியின் மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்து, சுழற்றித் தன் பக்கம் இழுத்து, எதிரே வரும் கழுத்தில் முன்கையால் ஓங்கி அறைவது. செய்முறையில் இது சாதாரண கிளோத்ஸ்லைன். ஐந்தாண்டுகள் அதில் எழுந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற அளவுக்குக் காப்பாற்றி வைத்ததால் அது ஆயுதமானது.

ஒமேகாவின் ஆயுதம் ஒன் விங்டு ஏஞ்சல். எதிராளியைத் தோளில் உட்காரவைத்து, அப்படியே தலைகீழாகக் கீழே இறக்குவது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் 46 நிமிடமும் தெளிவாகப் புரியும்.

முதல் இருபது நிமிடம் நிதானம். பொறுமையில்லாதவர்கள் அந்தப் பகுதியில்தான் கழன்றுகொள்வார்கள். அவர்கள் இழந்தது பெரிது. ஒமேகா ரிங்குக்கு வெளியே மேஜை எடுத்து விரிக்கிறார். தடுப்பு வேலியைத் தாண்டிப் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து ஒகாடா மேல் விழுகிறார். மேஜை அப்படியே நிற்கிறது. கூட்டம் அதை மறந்த நேரத்தில், பாய்ந்து வந்த ஒமேகாவை ஒகாடா முதுகில் ஏற்றி மேல் கயிற்றுக்கு மேலாக வெளியே எறிகிறார். ஒமேகா அந்த உயரத்திலிருந்து நேராக மேஜையில் போய் விழுந்து அதைப் பிளக்கிறார். அரங்கிலிருந்து எழுந்த சத்தம் ஆரவாரமா அலறலா என்று பிரிக்க முடியாது. அதற்குப் பிறகு ஒமேகா, மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒகாடாவைப் பின்புறமாகத் தூக்கி வீசினார். கழுத்தில் விழுந்தார் ஒகாடா. இன்று அந்தக் காட்சியைப் பார்த்தாலும் எனக்கு ஒப்பவில்லை. வியப்புக்குக் கொடுத்த விலை அதிகம்.

பிறகு ரெயின்மேக்கர் வந்தது. நடுவர் மூன்று எண்ணி முடிக்குமுன் ஒமேகா தோளைத் தூக்கித் தப்பினார். மறுபடி ரெயின்மேக்கர், மறுபடி எழுந்தார். ஒகாடா மணிக்கட்டை மட்டும் விடவில்லை. அடித்துக் கீழே தள்ளியும் கையைப் பிடித்தபடியே எழுப்பி நிறுத்தினார். ஒமேகா முழங்காலால் முகத்தில் குத்திக் குத்தித் தள்ளிப் பார்த்தார். ஒன் விங்டு ஏஞ்சலுக்கு முயன்றபோதெல்லாம் ஒகாடா நழுவினார். கடைசி ரெயின்மேக்கரில் நடுவர் மூன்று எண்ணினார்.

கவனிக்க வேண்டியது நடக்காத ஒன்றை: ஒன் விங்டு ஏஞ்சல் அந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட விழவில்லை. ஒகாடாவின் ஆயுதம் பலமுறை பாய்ந்தும் ஒமேகா எழுந்தார். ஒமேகாவின் ஆயுதம் பாய்ந்திருந்தால் ஒகாடா எழுந்திருப்பாரா என்ற கேள்வி அப்படியே மிச்சம் நின்றது. தோற்றவரின் துப்பாக்கியில் குண்டு இருக்கிறது. இதைத்தான் தோல்வியைச் செலவழிப்பது என்கிறேன். ஒமேகாவின் தரப்பில் எதுவும் குறையவில்லை, கூடியது.

அந்தக் குண்டை கெடோ பதினேழு மாதம் வைத்துச் செலவழித்தார். 2017 ஜூன் 11, ஒசாகா மறு ஆட்டத்தில் ஏஞ்சல் விழுந்தது. ஒகாடாவின் கால் கயிற்றில் கிடந்ததால் எண்ணிக்கை நின்றது, 60 நிமிடம் முடிந்து சமன். ஆகஸ்டில், 30 நிமிட வரம்புள்ள ஜி1 ஆட்டத்தில், கயிறு எட்டாத இடத்தில் விழுந்தது. ஒமேகா ஜெயித்தார், ஆனால் பெல்ட் பணயத்தில் இல்லை. 2018 ஜூன் 9 அன்று, மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய ஆட்டத்தில், 64 நிமிடம் 50 நொடியில் அதே பிடியில் பெல்ட் கைமாறியது. ஒகாடாவின் 720 நாள் ஆட்சி முடிந்தது. நான்கு ஆட்டங்களுக்கும் ஒரே கேள்வி, நான்கு வெவ்வேறு விடைகள்.

நட்சத்திரமும் அதன் கேடும்

அமெரிக்கச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் பல பத்தாண்டுகளாக ஆட்டங்களுக்கு நட்சத்திரம் போடுபவர். ஐந்துதான் உச்சம் என்று உலகம் நினைத்திருந்தபோது இந்த ஆட்டத்துக்கு ஆறு போட்டார். ஜப்பானில் பெரும்பாலோருக்கு அந்த மதிப்பெண் ஒரு பொருட்டே இல்லை. மேற்கே அதன் விளைவு வேறு. அதுவரை ஜப்பான் ரெஸ்லிங்கைச் சீண்டாதவர்கள், மாதம் 999 யென் கட்டி நியூ ஜப்பானின் இணைய ஒளிபரப்பைத் திறந்தார்கள். ஆங்கில வர்ணனை இருந்தது. ஆங்கிலம் பேசும் நாயகன் ஒருவனும் கிடைத்தான். ஆட்டம் முடிந்த சில நாளில் ஒமேகா, தம் எதிர்காலம் பற்றி யோசிக்க ஜப்பானைவிட்டுச் சற்று விலகியிருக்கப் போவதாக அறிவித்தார், டபிள்யூ.டபிள்யூ.ஈ. போகிறார் என்ற வதந்தி அந்த ஜனவரி முழுக்க ஓடியது. பிப்ரவரியில் திரும்பினார். ஜூலையில் நியூ ஜப்பான் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்தி, புதிதாக ஓர் அமெரிக்கப் பட்டத்தை உருவாக்கியது. முதல் சாம்பியன் ஒமேகா. அடுத்த ஆண்டு டோமில் அவரும் கிறிஸ் ஜெரிக்கோவும் மோதியபோது கூட்டம் 34,995. அதற்கடுத்த ஆண்டு 38,162.

கேட்டின் பக்கமும் இருக்கிறது. ஆறு நட்சத்திரம் விழுந்ததும் அளவுகோலே வளைந்தது: ஜூனுக்கு ஆறேகால், 2018-க்கு ஏழு. ஆட்டங்களும் அதற்கேற்ப நீண்டன. 2017 பிப்ரவரியிலேயே மினோரு சுசூகியோடு ஒகாடா நாற்பது நிமிடம் தாண்டினார். ஏப்ரல் 9-இல் டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் ஷிபாட்டாவோடு முப்பத்தெட்டு நிமிடம். நீளம் தரத்தின் அடையாளம் என்ற நினைப்பு பரவியது. அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய எத்தனையோ பட்ட ஆட்டங்கள் அதன்பின் இழுவையாக இழுத்தன. ஒகாடா, ஒமேகா போல மூச்சுப்பயிற்சியும் கதைக்கட்டும் உள்ளவர்களுக்கு 46 நிமிடம் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தாது.

ஏப்ரல் 9 ஆட்டம்தான் நான் முன்பு சொல்லிவைத்தது. ஷிபாட்டா கையை முன்னால் வைத்துத் தடுக்காமல் ஒகாடாவின் நெற்றியில் தலையால் முட்டினார். எலும்பில் எலும்பு பட்ட சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டது. ஆட்டத்தை முடித்துத் தோற்று, உள்ளே நடந்துபோய் விழுந்தார். மூளையுறைக்கு அடியில் ரத்தக்கசிவு, அவசர அறுவை சிகிச்சை. தீவிர ஆட்ட வாழ்க்கை அன்றோடு பல ஆண்டுகளுக்கு நின்றது. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 3-இல், ரெஸ்ல் கிங்டம் 11-இன் டேக் டீம் ஆட்டத்தில் இருந்த தொமோஅக்கி ஹொன்மா ஒகினாவாவில் கழுத்தில் அடிபட்டு உடம்பு செயலற்றுக் கிடந்தார். ஹிரோமு 2018 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கழுத்தை முறித்துக்கொண்டார். முடிவுதான் எழுதி வைத்தது. உடம்பில் படும் அடி எழுதி வைத்ததல்ல. டோமில் அன்று கோட்டோவும் ஷிபாட்டாவும் முட்டிக்கொண்டதற்குக் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன், திரைக்கு இந்தப் பக்கம்.

ரெஸ்ல் கிங்டம் 11 ஆட்டப் பட்டியலில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் இன்னொரு படம் கிடைக்கும். கோடியும் யங் பக்ஸும் 2018 செப்டம்பரில் சிகாகோ அருகே சொந்தப் பொறுப்பில் ஒரு நிகழ்ச்சி நடத்திப் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம் சேர்த்தார்கள். 2019 ஜனவரி 1-இல் ஏ.ஈ.டபிள்யூ. என்ற புதிய அமெரிக்கக் கம்பெனி அறிவிக்கப்பட்டது. ஒமேகா, யங் பக்ஸ், கோடி, ஆடம் பேஜ் ஆகியோர் அதன் தொடக்க முகங்கள். பிறகு கோலும் ஓரைலியும், ஜூஸ் ராபின்சனும், முகமூடி கழற்றிய இபுஷியும், மூவர் அணி ஆட்டத்தில் நடுவில் வந்துபோன வில் ஆஸ்பிரேயும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நியூ ஜப்பான் 2017 ஜனவரியில் மேற்கைப் பிடிக்கச் சேர்த்த படை, மேற்கிலேயே போய்க் கடை போட்டது. கோடி அங்கிருந்தும் கிளம்பி, 2024 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் உச்சப் பட்டத்தை வென்றார். அன்று ஜூஸ் ராபின்சனோடு பத்து நிமிடம்கூடக் கிடைக்காதவர்.

தனஹாஷி 2023 டிசம்பரில் கம்பெனியின் தலைவரானார். 2024-இல் ஒகாடாவும் ஏ.ஈ.டபிள்யூ.வுக்குப் போனார். 2025 ஜூலை 12 அன்று டெக்சாஸில், ஏழாண்டு கழித்து, அவரும் ஒமேகாவும் ஐந்தாவது முறையாகத் தனியே மோதினார்கள். இந்த முறை ஒமேகா மக்கள் நாயகன், இடையில் குடல் நோயில் கிடந்து மீண்டவர். ஒகாடா, சிரித்துக்கொண்டே குறுக்கு வழியில் போகும் வில்லன். ஒகாடா ஜெயித்தார். அதோடு இருவருக்கும் கணக்கு ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒரு சமன்.